கொசுத்தேனீப் பிசின்: வளவு மரத்திலிருந்து போத்தல் வரைக்கும்

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தேன் எங்களுக்குப் புதிதில்லை. எருமைத் தயிருக்கு விட்டுத் தின்கிறோம், இருமலுக்கு நக்குகிறோம், நல்ல தேனா சீனிப்பாகா என்று பார்த்த உடனே சொல்ல ஊருக்கு ஒரு ஆளாவது இருக்கிறார். ஆனால் தேன் எடுக்கிற நேரம் விரலில் ஒட்டிக்கொண்டு, சவர்க்காரம் போட்டும் போகாமல், கடைசியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிறோமே ஒரு கறுப்புப் பிசின், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதுதான் புரோபோலிஸ். பாமசிகளில் சின்னப் போத்தலில் வெளிநாட்டு லேபிளோடு விற்கிற அதே சாமான்தான், ஆனால் அதே சரக்கு இல்லை. இந்த வித்தியாசம் விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புரோபோலிஸைத் தேனீ தன் உடம்பிலிருந்து சுரப்பதில்லை. மெழுகு தேனீயின் வயிற்றுச் சுரப்பியிலிருந்து வருவது, பிசின் மரத்திலிருந்து வருவது. மரம் காயப்பட்ட இடத்தில், மொட்டில், காய்க்காம்பில் கசிகிற பிசினைத் தேனீ கடித்து, உருட்டி, பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு வந்து, மெழுகோடு பிசைந்து கூட்டில் பூசுகிறது. ஆகவே மரம் எதுவோ பிசினும் அதுதான். ஐரோப்பாவில் அது பொப்லர் மரத்து மொட்டுப் பிசின். பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் பக்காரிஸ் என்ற செடியிலிருந்து வருகிறது, அதே நாட்டு வடகிழக்குக் கரையின் கண்டல் ஓரத்தில் கிடைக்கிற சிவப்புப் புரோபோலிஸ் டல்பேர்ஜியா என்ற கொடியிலிருந்து வருகிறது. கியூபாவில் குளூசியா மரத்துப் பூவின் பிசின். பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்று, உள்ளே இருக்கிற இரசாயனம் வேறு வேறு. பொப்லர் பிசினை வைத்துச் செய்த ஆய்வின் முடிவை எங்கள் பக்கத்து வெல்லாவெளியில் எடுத்த பிசினின் போத்தலில் எழுத முடியாது.

முதலில் தேனீயைச் சரியாகப் பிடியுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பெட்டியில் வளர்க்கிற நம் நாட்டுத் தேனீ, அதாவது மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டுகிற ஏபிஸ் செரானா, புரோபோலிஸ் சேர்ப்பதில்லை என்றே சொல்லலாம். இணையத்தில் பார்க்கிற படங்களில் சட்டங்களுக்கு நடுவே மண்ணிறப் பிசின் அப்பிக் கிடப்பது ஏபிஸ் மெலிஃபெரா என்ற மேற்கத்தேயத் தேனீயின் கூடு, அந்த இனம் இலங்கையில் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு பிளாஸ்ரிக் வலை வாங்கிப் பெட்டிக்கு மேல் போட்டு ஒரு வருஷம் காத்திருந்த ஆட்களை எனக்குத் தெரியும், வலை அப்படியே சுத்தமாகத்தான் இருந்தது.

நமக்குப் பிசின் தருவது கொசுத்தேனீ. கொட்டாது, கொடுக்கு இருந்தும் பயன்படாத அளவுக்குச் சிறுத்துப் போனது, உடம்பு மூன்று நான்கு மில்லிமீற்றர்தான் வரும். பழைய மண்சுவர் வெடிப்பு, கதவு நிலையின் ஓட்டை, வெறுமையான பைப் துண்டு, கரண்ட் மீற்றர் பெட்டி, பூவரச மரத்துப் பொந்து என்று எங்கேயும் குடியிருக்கும். வாசலில் பிசினால் செய்த ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீக் கூடு. இதன் விஞ்ஞானப் பெயர் டெட்ராகொனுலா இரிடிபெனிஸ், 1854இல் இலங்கையில் பிடித்த தேனீயை வைத்தே அந்தப் பெயரை இட்டார்கள். தேன் குறைவு, வருஷத்துக்கு அரைப் போத்தல் கிடைத்தாலே பெரிய விஷயம், ஆனால் கூடு முழுவதும் பிசின். தேன் வைக்கிற குடம், பூந்தூள் வைக்கிற குடம், முட்டை அறை, சுவர், வாசல் எல்லாமே மெழுகும் பிசினும் பிசைந்த கலவைதான்.

அதற்கு இவ்வளவு பிசின் எதற்கு என்று கேட்டால், கொட்ட முடியாத தேனீக்கு அதுதான் ஆயுதம். எறும்பு வந்தால் வாசலில் ஒட்டிப் பிடிக்கும். அவுஸ்திரேலியாவில் 2010இல் வந்த ஓர் ஆய்வில், கூட்டுக்குள் நுழைந்த வண்டை அங்குள்ள கொடுக்கில்லாத் தேனீக்கள் பிசினும் மெழுகும் பூசி உயிரோடு அசையவிடாமல் மூடிவிட்டதை, அதுவும் பத்து நிமிடத்துக்குள் செய்ததைப் பதிவு செய்தார்கள். மேற்கத்தேயத் தேனீயில் 2009இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மார்லா ஸ்பிவாக் குழுவினர் காட்டியது இன்னொன்று: கூட்டின் உட்சுவரில் பிசின் பூசியிருந்தால் உள்ளே பக்ரீறியா குறைகிறது, தேனீயின் உடம்பு நோயோடு மல்லுக்கட்டுகிற வேலையும் குறைகிறது. நம் ஆட்கள் பனிச்சங்காய்ச் சாறு ஊற்றி வலையைப் பதப்படுத்தினார்கள், குங்கிலியம் காய்ச்சித் தோணியின் இடுக்கை அடைத்தார்கள். தேனீ செய்வதும் அந்த வேலைதான்.

அடுத்தது, உங்கள் வளவு மரங்களைச் சுற்றிப் பாருங்கள்

கூடு இருக்கிற இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள் என்ன மரம் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கொசுத்தேனீ தூரம் போகாது. எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் பிசின் என்று நாம் சொல்வது இரண்டு வேறு பொருள். முருங்கைப் பிசின், வேப்பம் பிசின், விளாம்பிசின் எல்லாம் தண்ணீரில் ஊறிப் பொங்குகிறவை. கூட்டை மழையிலிருந்து காக்க வேண்டிய தேனீக்கு அது உதவாது. தண்ணீரில் கரையாத, சூட்டில் இளகுகிற, நெருப்பில் போட்டால் குங்கிலியம் போலப் புகைகிற பிசின்தான் அதற்கு வேண்டும். சந்தேகமென்றால் ஒரு கிள்ளு எடுத்து இரவு தண்ணீரில் போட்டு வைத்துக் காலையில் பாருங்கள், ஊறியிருக்கா, அப்படியே கிடக்கா என்பது தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் முதலாவதாக எழுத வேண்டியது மா. மாங்காய் பிடுங்கும்போது காம்பில் பீய்ச்சுகிற பால் முகத்தில் பட்டுப் புண்ணாகாத பிள்ளை எங்கள் ஊரில் இருக்க முடியாது. அந்தப் பாலில் இருப்பவை பீனோலிக் லிபிட் என்கிற, எண்ணெய் வால் கொண்ட பீனோல்கள். தென்கிழக்காசிய நாடுகளில் கொசுத்தேனீப் பிசினைச் சோதித்தவர்கள் மாமரத்தின் இதே பொருட்களையும், சைக்ளோஆர்ட்டேன் என்ற டிரைடெர்பீன் வகையையும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். இரண்டாவது கஜு. வாகரைப் பக்கத்திலும் ஏறாவூர் மணற்காணிகளிலும் மரமுந்திரிகை இல்லாத வளவைத் தேட வேண்டும். கஜு மாமரத்துக்குச் சொந்தக்காரன், கொட்டையைச் சுடும்போது தோலிலிருந்து தெறித்துக் கையைப் பொத்துப்போக வைக்கிற எண்ணெயில் இருக்கிற கார்டோலும் கார்டனோலும் மாம்பாலில் இருக்கிறவற்றின் சகோதரர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாவிக்கிற இடத்தில் திரும்ப வருவேன்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தலக்கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேன் எடுக்கப் போன வேடன் கொக்கட்டி மரத்தில் கோடரியைப் போட, இரத்தம் பீறிட்டது என்பார்கள். அந்தக் கொக்கட்டி கார்சினியா இனத்து மரம், கறிக்குப் போடுகிற கொறுக்காய்க்கும் மங்குஸ்தானுக்கும் உறவு. இந்த இனத்து மரங்களைக் கீறினால் மஞ்சளாகப் பால் வடியும். தாய்லாந்துக் கொசுத்தேனீப் பிசினில் மங்குஸ்தான் தோலில் இருக்கிற ஸாந்தோன் வகைப் பொருட்கள் கிடைத்திருக்கின்றன, அவற்றில் முக்கியமானது அல்பா மங்கோஸ்டின், பக்ரீறியாவை அடக்குவதில் கெட்டிக்காரன். தேனும் கொக்கட்டியும் ஒரே கதையில் வருகிற ஊரில் இருந்துகொண்டு அந்த மரத்தைத் தேனீ தொடுகிறதா என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. நீங்களும் பாருங்கள், மரத்தில் காயம் பட்ட இடத்தில் காலை எட்டு ஒன்பது மணிக்கு நின்றால் போதும், பின்னங்காலில் மினுங்குகிற உருண்டையோடு தேனீ எழும்புவது தெரியும். பூந்தூள் உருண்டை மங்கலாக மாவு போலிருக்கும், பிசின் உருண்டை ஈரமாக மினுங்கும்.

பலா, குங்கிலிய வகைகள், பைன் நட்ட இடங்களில் பைன், இவற்றையும் எழுதுங்கள். வாவிக்கரை ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை: தில்லை மரத்தைச் சோதனைக்கென்று கீறிப் பார்க்க வேண்டாம், அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும்.

கூட்டுக்குப் பக்கத்தில் தார் ரோட்டு வேலை, வாகனக் கராஜ், பெயின்ற் அடிக்கிற பட்டறை இருந்தால் அந்தக் கூட்டுப் பிசினை மருந்தாக நினைக்கவே வேண்டாம். ஒட்டுகிற எதுவும் தேனீக்குப் பிசின்தான். வெயிலில் இளகிய தாரையும் காயாத பெயின்றையும் தேனீ அள்ளிக்கொண்டு போவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம், ஈயம் உள்ளே வருவதும் அப்படித்தான்.

உள்ளே என்ன இருக்கிறது

பாடப்புத்தகங்களில் போடுகிற கணக்கு பொதுவாக நூற்றுக்கு 50 பங்கு பிசின், 30 மெழுகு, 10 வாசனை எண்ணெய், 5 பூந்தூள், மிச்சம் 5 மற்றவை. அது மேற்கத்தேயத் தேனீக்குரியது, கொசுத்தேனீயில் மெழுகும் பிசினும் கூட்டின் இடத்துக்கு இடம் மாறும். மருந்துக் குணம் என்று பேசுவதெல்லாம் அந்தப் பிசின் பங்கைத்தான். பொப்லர் வகையில் கிரைசின், கலாஞ்சின், பினோசெம்பிரின் என்ற ஃபிளவனாய்டுகளும் கஃபெயிக் அமிலத்தின் எஸ்டர்களும் இருக்கின்றன. பச்சைப் புரோபோலிஸின் அடையாளம் ஆர்ட்டெபிலின் சி. நம் வெப்பநாட்டுக் கொசுத்தேனீயில் டெர்பீன்களும் பீனோலிக் லிபிட்களும் முன்னுக்கு நிற்கும். சாம்பிராணி வாசம் தூக்கலாக வந்தால் டெர்பீன் பக்கம், தோலில் சுணைத்தால் மாங்காய்ப் பால் பக்கம் என்று மூக்காலும் தோலாலும் ஓரளவுக்கு ஊகிக்கலாம், ஊகம் மட்டும்தான்.

எடுக்கும் முறை

சுவரில் இருக்கிற கூட்டை உடைக்காதீர்கள். இரண்டு லீற்றர் தண்ணீர் கொள்ளுமளவு உள்ளிடம் உள்ள ஒரு பலகைப் பெட்டியோ மண்முட்டியோ எடுத்து, சுவரின் வாசலிலிருந்து ஒரு குழாயால் அதற்கு வழி கொடுத்து, பெட்டியின் மறுபக்கத்தில் புது வாசல் விடுங்கள். பழைய வாசல் குழாயில் ஒரு துண்டை எடுத்துப் புது வாசலில் ஒட்டினால் தேனீ குழம்பாமல் வந்து போகும். மாதக்கணக்கில் பொறுத்தால் பெட்டிக்குள்ளும் கட்டத் தொடங்கிவிடும், சுவரில் தாய்க்கூடு அப்படியே இருக்கும்.

பிசின் எடுக்க நல்ல காலம் சித்திரை வருஷத்துக்குப் பிறகு, கச்சான் காற்று வீசுகிற மாதங்கள். மாரி மழை வருவதற்குள் தேனீ திரும்பப் பூசி முடிக்க வேண்டும், ஐப்பசிக்குப் பிறகு தொடவே கூடாது. நேரம் விடியற்காலை, சூரியன் ஏறினால் பிசின் இளகிக் கத்தியிலேயே ஒட்டிக்கொள்ளும், குளிரில் அது உடைந்து கழரும். மூடியின் விளிம்பிலும் பெட்டிச் சுவர் மூலைகளிலும் தடிப்பாக இருப்பதை மட்டும் ஒரு மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். முட்டை அறையைச் சுற்றி மெல்லிய தகடு போலப் போர்த்தியிருப்பதைத் தொடாதீர்கள். வாசல் குழாயையும் தொடாதீர்கள்.

வாசலைப் பற்றி நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் வருஷம் எங்கள் படுவான்கரை வீட்டில், மிக நல்ல வாசமான பிசின் வாசல் குழாயில்தான் என்று கண்டு, மூன்று விரல் நீளத்துக்கு ஒரேயடியாக ஒடித்தெடுத்தேன். அன்று இரவே சிவப்பெறும்பு உள்ளே போய்விட்டது. காலையில் அம்மம்மா கூப்பிட்டுக் காட்டினா, பெட்டிக்குக் கீழே தேனீயின் சிறகுகள் மட்டும் கும்பலாகக் கிடந்தன. இன்றைக்கும் அந்தப் பெட்டி இருந்த இடத்தைக் கடக்கும்போது மனம் என்னவோ செய்கிறது. அதற்குப் பிறகு எல்லாப் பெட்டியும் நாலு கால் மேசையில், ஒவ்வொரு காலும் தண்ணீர் விட்ட பேணிக்குள். பேணியில் பழைய என்ஜின் ஒயில் ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது, வேண்டாம், மேலே தார் பற்றிச் சொன்னது இதற்கும்தான்.

ஒரு பெட்டியில் ஒரு தரத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி கிடைத்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வது, வடிப்பது

எடுத்ததைப் பச்சைத் தண்ணீரில் அலசி, செத்த தேனீ, மரத்தூள், மண் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். பிறகு பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்து, கல்லுப்போல இறுகியதும் உடனே இடித்துத் தூளாக்குங்கள். இதற்கென்று ஒரு சின்ன உரல் ஒதுக்குங்கள், சமையலுக்கு அந்த உரல் இனி வராது.

வடிக்க இரண்டு வழி. மதுசார வழியில் உணவுத் தரமான எதனோல், நூற்றுக்கு 70 அளவு, 10 பங்கு மதுசாரத்துக்கு 1 பங்கு தூள். கறுத்தப் போத்தலில் போட்டு இறுக மூடி, இருட்டான இடத்தில் இரண்டு கிழமை, தினமும் ஒரு தரம் குலுக்க வேண்டும். பிறகு துணியில் வடித்து, ஒரு இரவு பிரிட்ஜில் வையுங்கள், கரைந்திருந்த கொஞ்ச மெழுகும் திரண்டு வரும், கோப்பி வடிக்கிற தாளில் இன்னொரு தரம் வடித்தால் தெளிந்துவிடும். 70 என்ற கணக்குக்குக் காரணம், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால்தான் பீனோல்கள் நன்றாக இறங்கும், மெழுகு பின்னுக்கு நிற்கும். கடைச் சாராயத்தில் பாதிக்கு மேல் தண்ணீர், பிசின் சரியாகக் கரையாது. காயம் கழுவுகிற ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், அதில் குடிக்கக்கூடாத பொருள் கலந்திருக்கும். வீட்டில் வடிசாராயம் காய்ச்சுவது சட்டப்படி குற்றம், அந்த யோசனையும் வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் இந்த வேலை செய்யாதீர்கள்.

நல்ல எதனோல் கிடைப்பது இங்கே சுலபமில்லை, காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை ஆட்கள் பலருக்கு மார்க்கப்படி மதுசாரமே ஆகாது. அவர்களுக்கு, உண்மையைச் சொன்னால் புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்குமே, தேங்காயெண்ணெய் வழிதான் நல்லது. 100 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு 10 கிராம் தூள். சட்டியில் தண்ணீர் வைத்து அதற்குள் எண்ணெய்ப் பாத்திரத்தை இறக்கி, தண்ணீர் கொதிக்காமல் விரல் வைக்க முடியாத சூட்டில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்து, இடையிடையே கிளறி, சூட்டோடு துணியில் வடியுங்கள். எண்ணெய் மெழுகையும் சேர்த்து இழுக்கும் என்பதால் ஆறியதும் பூசு மருந்து போலக் கொஞ்சம் இறுகும், அது குறையில்லை. வெறும் தண்ணீரில் ஊறப்போட்டால் மிகக் கொஞ்சம்தான் இறங்கும்.

துணியில் மிஞ்சுகிற சக்கையை எறியாதீர்கள், புதுப் பெட்டி வாசலில் தேய்த்தால் தேனீக்கு வீடு பழகும். மதுசாரக் கரைசல் சரியாக வந்திருக்கா என்று பார்க்க, ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள், பால் போல வெளுத்தால் பிசின் கரைந்திருக்கிறது என்று அர்த்தம்.

எதற்குப் பாவிப்பது, எதற்குக் கூடாது

ஆய்வுகூடத் தட்டில் புரோபோலிஸ் பல பக்ரீறியாக்களை அடக்கும், முக்கியமாக ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ், பல்லில் சூத்தை உண்டாக்குகிற ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ். கண்டிடா பூஞ்சையையும் அடக்கும். மனிதர்களிடம் செய்த சோதனைகளில் ஓரளவுக்குத் துணிந்து சொல்லக்கூடியது வாயும் தோலும்தான்: பல்லில் படிகிற அழுக்கும் முரசு வீக்கமும் குறைவது, உதட்டில் வருகிற ஹெர்பீஸ் கொப்புளம் சீக்கிரம் காய்வது. நீரிழிவுக்காரரின் சீனி அளவு கொஞ்சம் இறங்கியதாகச் சில ஆய்வுகள் இருக்கின்றன, அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. புற்றுநோய், டெங்கு என்று யாராவது போத்தல் நீட்டினால் வாங்காதீர்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2010இல் புரோபோலிஸின் ஆரோக்கியக் கூற்றுகளை ஏற்கவில்லை, போத்தலுக்குள் இருப்பது இன்னதுதான் என்று தீர்மானமாக வரையறுக்கப்படவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். மரத்துக்கு மரம் மாறுகிற சாமானுக்கு அது நியாயமான கேள்வி.

நான் பாவிப்பது இப்படி. மதுசாரக் கரைசலில் 10 துளி அரைக் கிளாஸ் தண்ணீரில் விட்டு வாய் கொப்பளித்துத் துப்புவது. எண்ணெயைக் குதி வெடிப்புக்கும் சின்னக் கீறலுக்கும் பூசுவது. விழுங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பூசுவதற்கு முன் கட்டாயம் ஒரு சோதனை: முழங்கைக்கு உட்பக்கம் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ சொறிந்தாலோ அத்தோடு விடுங்கள். புரோபோலிஸ் ஒவ்வாமை அபூர்வமானது இல்லை, நம் பக்கத்தில் மாங்காய்ப் பாலும் கஜுத் தோல் எண்ணெயும் பொத்துப்போக வைக்கிற ஆட்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதே பொருட்கள் இந்தப் பிசினுக்குள் இருக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்கள், தேனீ கொட்டி உடம்பு முழுக்கத் தடித்தவர்கள், கர்ப்பிணிகள், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து எடுப்பவர்கள் விலகி நில்லுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். நீரிழிவுக்காரரின் காலில் புண் வந்தால் எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

கடைசி வேலை லேபிள். எடுத்த திகதி, எந்தப் பெட்டி, சுற்றி நின்ற மரங்கள், எதில் வடித்தது, எத்தனை கிராமுக்கு எத்தனை மில்லிலீற்றர், எல்லாம் எழுதுங்கள். என்னிடம் இருக்கிற ஒன்றில் "3ஆம் பெட்டி, வைகாசி, மா, கஜு, கொக்கட்டி 1, தேங்காயெண்ணெய்" என்று இருக்கிறது. அடுத்த வருஷம் அதே பெட்டிப் பிசின் வேறு நிறத்தில், வேறு வாசத்தில் வந்தால் எந்த மரம் வெட்டுப்பட்டது, எது புதிதாகப் பால் விட்டது என்று அந்தக் கொப்பியும் லேபிளும்தான் சொல்லும். பத்து நாள் கழித்துப் பெட்டி மூடியை ஒரு விரற்கடை உயர்த்திப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் புதுப் பிசின் மினுங்கினால் நீங்கள் எடுத்த அளவு சரி. காய்ந்தே கிடந்தால் அந்தப் பெட்டியை அடுத்த வருஷம் தொடாமல் விடுங்கள்.